இரண்டு மாவட்டத்து அப்பா

அன்புள்ள அப்பா,

குவைத்தின் ஃபஹாஹீல் வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கு இதனால் அறிவிப்பது என்னவென்றால், ‘தஞ்சாவூர் நண்பர்கள்’ என்று அச்சடித்த உங்கள் டீ கப்பிலிருந்து இன்று காலை அதன் கைப்பிடி தனி மாவட்டமாகப் பிரிந்து சென்றது. உயிர்ச்சேதம் இல்லை. அம்மா இரண்டு துண்டையும் அலமாரியில் வைத்தாள். நானும் ஸ்கூல் பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

அந்த கப் பொங்கல் விழாவில் கொடுத்தது. பழைய தஞ்சாவூர் மாவட்டத்து ஆட்கள் எல்லாரும் இங்கே ஒரே குழுவாக இருந்த காலம். ஊரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானதும் இங்கேயும் தனிக் குழு முளைத்தது. நம் குத்தாலம் புதிய மாவட்டத்தில். அத்தையின் கும்பகோணம் பழைய தஞ்சாவூரிலேயே.

“பொறந்தப்ப தஞ்சாவூர் மாவட்டம். கல்யாணத்தப்ப நாகப்பட்டினம். இப்ப மயிலாடுதுறை. அந்த டவுனையே நாங்க மாயவரம்னுதான் கூப்பிட்டோம். வீடு அங்கயேதான்டா இருக்கு, மாவட்டம்தான் வீடு மாத்திக்கிட்டே இருக்கு” என்றீர்கள்.

“அடுத்த தடவை குவைத்தையும் சேர்த்துக்கச் சொல்லுங்கப்பா. லீவே கேக்க வேணாம்” என்றேன். டீ உங்களுக்குப் புரையேறியது.

நீங்கள் புதிய குழுவில் சேர்ந்தீர்கள், பழையதை விட்டு வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, புதிய குழுவை நடத்தும் செல்வம் அங்கிள் சீண்டினார்: “அண்ணே, அங்க உங்களுக்கு விசா முடிஞ்சிடுச்சு. ஓவர்ஸ்டேல இருக்கீங்க.”

“என்னடா பண்றது, கஃபீல் விடமாட்டேங்கிறான்” என்று, விசா கொடுத்த முதலாளியைக் காட்டுவதுபோல், பழைய குழுவின் குமார் அங்கிளைக் காட்டினீர்கள். மூன்று பேரும் சிரித்தீர்கள்.

இங்கே ஒருவர் இறந்தால் அவருடைய மாவட்டக் குழுதான் ஓடும். கம்பெனிக் கையெழுத்து, தூதரகம், விமான கார்கோ, பெட்டியுடன் ஊர்வரை யார் போவது, எல்லாம் அவர்கள் பொறுப்பு. வீட்டில் உள்ளவர்கள் உட்கார்ந்திருந்தால் போதும்.

நீங்கள் கட்டட சைட்டில் விழுந்த அன்று நாங்கள் உட்கார்ந்திருந்தோம். இரண்டு குழுவின் வாட்ஸ்அப்பிலும் கைகூப்பிய படங்கள் வந்துகொண்டே இருந்தன. ஆள் வரவில்லை. மறுநாள் மதியமும் வரவில்லை. கும்பகோணத்திலிருந்து அத்தை ஃபோனில், “அண்ணனை எப்படா அனுப்புறாங்க?” என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். பிறகு தயிர்சாதம் சாப்பிட்டேன். உப்பு குறைவு என்றுகூட நினைத்தேன்.

அதன்பின் உங்கள் ஃபோனிலிருந்து இரண்டு குழுவுக்கும் ஒரு குரல் செய்தி அனுப்பினேன். சற்று நேரத்தில் இரண்டு அங்கிள்களும் வாசலில் நின்றார்கள்.

“உங்க குரூப் பாக்குதுன்னுல்ல இருந்தேன், செல்வம். குத்தாலம் உங்களுதுதானே?”

“அண்ணன் உங்ககூடவே இருந்தவராச்சே. நடுவுல புகுந்தா தப்பா நினைப்பீங்கன்னு...”

அம்மா கதவைப் பிடித்தபடி, “எந்த மாவட்டமா இருந்தா என்ன தம்பி. அவரை ஊருக்குக் கொண்டு போகணும்” என்றாள்.

குமார் அங்கிள் தரையைப் பார்த்தார். செல்வம் அங்கிள்தான் முதலில் அசைந்தார். “யல்லா, கிளம்புவோம். நீங்க கம்பெனிக்குப் போங்க. நான் தூதரகத்துக்குப் போறேன்.”

போனார்கள். குமார் அங்கிள் உங்கள் பெட்டியுடன் குத்தாலம் வரை வந்தார், தஞ்சாவூர் எல்லையைத் தாண்டி.

ஸ்கூலில் நான் இதை வேறு மாதிரி சொல்லித் திரிகிறேன். அரசாங்கம் பிரித்த இரண்டு மாவட்டங்களை ஒரே குரல் செய்தியில் ஒன்று சேர்த்த மாமேதை நான். அப்படி என்னடா பேசினே என்று பசங்க கேட்டால், ராஜதந்திரம் வெளியில் சொல்லக்கூடாது என்பேன்.

உங்களிடம் சொல்லலாம். உங்கள் பெயர், ஆஸ்பத்திரி, இன்னும் யாரும் வரவில்லை என்பது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லத்தான் பட்டனை அழுத்தினேன். “அங்கிள், எங்கப்பா” என்பதுவரை வந்தது. அதற்குமேல் கடைசிவரை ஏசி சத்தம்தான். திரும்பப் பேசத் தெரியாமல் அதையே அனுப்பிவிட்டேன்.

உங்கள் ஃபோன் இப்போது என்னிடம் இருக்கிறது. அந்தச் செய்தியை அழிக்கவில்லை.