உன்ர இங்கிலிஸும் என்ர உலைமூடியும்

போயும் இந்த வீட்டை விட்டுப் போகாத என் அருமை அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க எழுதேல்லை. பொறாமையில எழுதுறன். செத்தவளோட என்ன போட்டி எண்டு ஊர் கேக்கும், கேக்கட்டும். உன்ர படத்துக்கு நாளும் பூ வைக்கிறவள் நான். எனக்கு ரெண்டு கதை கதைக்க உரிமை இருக்கு.

உன்ர ஆண்டுத் துவசம் முடிஞ்ச கையோட, பிள்ளையைப் பிறத்தியாள் பாக்கிறதோ எண்டு சொல்லி என்னை அத்தானுக்குக் கட்டிவைச்சு கொழும்பு வெள்ளவத்தைக்கு அனுப்பிவிட்டினம். உன்ர அடுப்படி, உன்ர கொடியில என்ர சீலை. அதெல்லாம் பழகிப்போச்சு. பழகாதது உன்ர இங்கிலிஸ்தான்.

எங்களைப் பெத்த அப்பு கொழும்பில உத்தியோகம் பாத்த காலத்தில நீ கொட்டாஞ்சேனையில கன்னியாஸ்திரிமாரிட்டப் படிச்சாய். அவர் பென்சனோட ஊருக்கு வந்தபிறகு எனக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம். அதைக் குறை சொல்லேல்லை. ஆனா உன்ர மகள் ராணி பின்னேரத்தில புத்தகத்தை விரிச்சு வாசிக்கேக்கை, நாக்கு சுழலுறதும் வசனமுடிவில குரல் இறங்கிறதும் அப்படியே நீ. கடற்கரை ரயில் போனாலும் நிப்பாட்ட மாட்டாள். அத்தான் கந்தோர் வேலை முடிஞ்சு வந்து சப்பாத்தைக் கழட்டாமல் நிண்டு கேப்பார். நான் தேத்தண்ணியோட நிக்கிறது ஆருக்குத் தெரியுது?

போன மாசம் ஒருநாள் சயன்ஸ் புத்தகம். அடுத்த நாள் சோதினை. இந்தமுறையும் சயன்ஸில தவறினால் வகுப்பேத்த மாட்டினமாம். இவ்வளவு வடிவாய் வாசிக்கிற பிள்ளை ஏன் தவறுது எண்டு அத்தானுக்கும் தெரியேல்லை. எனக்கோ அந்தச் சத்தமே பொறுக்கேல்லை. "காணும், எனக்கு விளங்கிற மாதிரித் தமிழில சொல்லு" எண்டன். நல்ல மனசில கேக்கேல்லை அக்கா. உன்ர குரலை ஒருக்கா நிப்பாட்டத்தான் கேட்டன்.

பிள்ளை அதே வசனத்தைத் திரும்பவும் இங்கிலிஸில சொன்னாள். அதெண்டால் என்ன எண்டு கேட்டன். கண் கலங்கிப்போச்சு. பக்கம் முழுக்க மனப்பாடம், பிள்ளைக்கு ஒண்டும் விளங்கேல்லை. வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம்.

பிறகு பாவமாயும் இருந்தது. அழாமல் வா எண்டு அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனன். பங்கீட்டுக் கூப்பன் அரிசி உலையில கொதிச்சுக்கொண்டிருந்தது. கிண்டிப் பாக்க மூடியைத் தூக்கினன். மூடிக்கு அடியில நிண்ட தண்ணி சொட்டுச்சொட்டாய் விழுந்தது. ராணி என்ர கையைப் பிடிச்சு மூடியைப் பாத்தாள், புத்தகத்தைப் பாத்தாள். "சித்தி, ஆவி இதில பட்டு ஆறித் தண்ணியாகுது. மழையும் இப்பிடித்தானாம்" எண்டாள். எத்தினை வருசமாய் மூடி தூக்கிறன், எனக்குத் தோணேல்லையே. அதுக்குப் பிறகு வசனம் வசனமாய் எனக்குத் தமிழில சொல்லித்தந்தாள். நான் விளங்காமல் முழிச்சால் திரும்பிப் போய்ப் படிச்சாள். சோறு குழைஞ்சு களியாய்ப் போச்சு.

ராணி பாஸ். அத்தான் உன்ர படத்துக்கு முன்னால நிண்டு, எல்லாம் தாய் குடுத்த இங்கிலிஸ் எண்டார். பிள்ளையும் தலையாட்டினாள். எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது. களிச்சோறு திண்ட மனுசன் அதையாவது நினைச்சிருக்கலாம்.

நேற்றுப் பின்னேரம் புதுப் பாடம். அத்தான் விறாந்தையில காத்திருந்தார். ராணி அவரையும் தாண்டி, உன்ர படத்தையும் தாண்டி, புத்தகத்தோட அடுப்படிக்கு வந்து எனக்குப் பக்கத்தில குந்தினாள்.

"சித்தி, இது எனக்கு விளங்கேல்லை" எண்டாள்.

அக்கா, உன்னட்ட அவள் எப்பவாவது அப்படிச் சொன்னவளோ? யோசிச்சுப் பார். உன்னைப்போல வாசிக்கவேணும் எண்டு நிண்ட பிள்ளை, உனக்கு முன்னால அந்தச் சொல்லைச் சொல்லுமோ?

உன்ர இங்கிலிஸை நான் கெடுக்க மாட்டன், சத்தியம். அவள் உன்ர குரலிலயே வாசிக்கட்டும். படத்துக்குப் பூவும் குறையாது. ஆனா அந்த "விளங்கேல்லை" என்ர. அதில மட்டும் பங்கு கேட்டு வந்திடாதை.

உன்ர எரிச்சல் பிடிச்ச தங்கச்சி,
ராணியின்ர சித்தி