வேன் எங்கே நிற்கணும்?

மார்ச் 3, திங்கள்

இறுதியாண்டு வடிவமைப்புப் பாடத்துக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது: ஈப்போவுக்கு அருகே கோப்பெங் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வேன் சேவை. ரப்பர் தோட்டம் என்று பேர். ரப்பரைத் தவிர எல்லாம் இருக்கிறது, முக்கால்வாசி செம்பனை. என்னோடு ராட்னி. அவன் சித்தி ரோசம்மா அங்கேதான் இருக்கிறார், அவனுக்குத் தோட்டம் அத்துப்படி என்று நம்பிச் சேர்ந்தேன். பாவம் நான்.

மார்ச் 8, சனி

கருத்துக்கணிப்பு. ராட்னி சித்தி வீட்டில் சாப்பிட்டான், தூங்கினான். நான் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். "வேன் விட்டா எங்க நிக்கணும்?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்: "பெரட்டுதான்." வேனை இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை, அதற்குள் புரட்டாம்! முன்னே எத்தனை பேர் வந்து ஏமாற்றினார்களோ. எஸ்.பி.எம். பரீட்சையில் தமிழுக்கு ஏ வாங்கியவள் ஆயிற்றே, உச்சரிப்பைத் திருத்தி 'புரட்டு' என்றே குறித்துக்கொண்டேன்.

ரோசம்மா ஆன்ட்டி மட்டும் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். ஈப்போவில் ஒரு கிளினிக்கில் துப்புரவு வேலை. "சம்பளத்துல பாதி கிராப் காருக்கே போயிருது லா. வேன் வரலன்னா வேலைய விட்டுற வேண்டியதுதான்." அவரிடமும் கேட்டேன். "பெரட்டுதான், வேற என்ன?" என்று சிரித்தார். நீங்களுமா ஆன்ட்டி?

மார்ச் 20, வியாழன்

'பயணிகளின் நம்பிக்கைப் பற்றாக்குறை: மக்கள் மொழியில் புரட்டு.' என் ஸ்லைடு எங்கள் விரிவுரையாளர் டாக்டர் சிவாஜினிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மாநாட்டுக்கே அனுப்பலாமாம். நிறுத்தத்தைத்தான் யாரும் சொல்லவில்லையே, அதை ராட்னியின் மென்பொருள் முடிவு செய்தது: மெயின் ரோடு.

ஏப்ரல் 15, செவ்வாய்

மாவட்ட மன்றம் ஒரு மாதத்துக்கு வேன் தந்திருக்கிறது, ஓட்டுநர் ராஜு அண்ணனோடு. ஆள் ஏறினால் தொடரும், இல்லையென்றால் அவ்வளவுதான். இன்று முதல் நாள். ஒருவரும் ஏறவில்லை.

ஏப்ரல் 17

காலி.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலிதான். ராஜு அண்ணன் ஏசி போட்டுக்கொண்டு தன்னைத்தானே ஈப்போவுக்கு ஏற்றிப் போய் இறக்கிவிட்டு வருகிறார். இதுவும் நம்பிக்கைப் பற்றாக்குறைக்குச் சான்று என்கிறார் டாக்டர். வேன் படுத்தாலும் எங்களுக்கு மார்க். வாழ்க வடிவமைப்பு.

ஏப்ரல் 24, வியாழன்

ரோசம்மா ஆன்ட்டி ராட்னிக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏன்டா, நாங்க தினம் பெரட்டுல நிக்கிறோம், ஒங்க வேன் ரோட்டோட போயிருது. இன்னொரு தடவ லேட்டா வந்தா வராதன்னு கிளினிக்ல சொல்லிட்டாங்க."

பெரட்டுல. அந்த 'ல' இடத்துக்குத்தானே வரும்! ராட்னியைப் பிடித்துக்கொண்டேன்.

"பெரட்டுன்னா என்னடா?"

"பழைய ஆபீஸ் முன்னால கொட்டகை. கித்தா வெட்டி ரப்பர் பால் எடுத்த காலத்துல விடியக்காலையில அங்கதான் பேர் கூப்பிடுவாங்க. இதுகூடத் தெரியாதா, மாதுமை?"

தெரியாது. எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ், தாத்தாவுக்கு ரயில்வே ஆபீஸ் உத்தியோகம். எங்களை யாரும் பெரட்டில் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மெயின் ரோடு என்று அறிவிப்பாவது ஒட்டினாயா என்று ராட்னியைக் கேட்டேன். "போன் ஆப்புல போட்டேன் லா." அந்த ஆப்பை அவனும் நானும்தான் வைத்திருக்கிறோம்.

ஐயோ, அந்தம்மாவுக்கு வேலை போயிருந்தா? அவங்க ஒழுங்காத்தானே சொன்னாங்க. நான் யாரு அதைத் திருத்த? வெட்கமா இருக்கு.

ஏப்ரல் 25, வெள்ளி

டாக்டரிடம் சொன்னேன். என் ஸ்லைடை மறுபடி திறந்து பார்த்தார். பிறகு, "நிறுத்தத்த மாத்துங்க. ஸ்லைடு இருக்கட்டுமே? எடுத்தா மார்க் குறையும்" என்றார்.

எடுத்துவிட்டேன். மன்றத்துக்கும் உள்ளதை எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 28

பெரட்டில் நின்றது. ராஜு அண்ணனுக்குக் கூட்டாளிகள் கிடைத்துவிட்டார்கள். என் 'புரட்டு' கதையை ராட்னி சித்தியிடம் உளறிவிட்டானாம்.

ஜூன் 9, திங்கள்

முடிவு வந்துவிட்டது: எனக்கும் ராட்னிக்கும் 'பி' கிரேடு. வெயிலில் அலைந்தவளுக்கும் தூங்கியவனுக்கும் ஒரே மார்க், என்னே நீதி. வேனை மன்றம் தொடர்கிறது.

காலையில் போய்ப் பார்த்தேன். ரோசம்மா ஆன்ட்டி கிளினிக் சட்டையோடு வேன் படியில் நின்று, கங்காணி மாதிரி பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சன்னாசி?"

"இருக்கேன்."

"தினேஸ்வரி?"

"இருக்கேன் க்கா."

கடைசியாக என்னைப் பார்த்தார்.

"புரட்டு?"

வேன் முழுக்கச் சிரித்தது.

"இருக்கேன் ஆன்ட்டி" என்று சொல்லி ஏறிக்கொண்டேன்.