மச்சானிடம் தோற்ற லோசார்

மாக் 3
கிராம சபையில் என் தீர்மானம் இன்றும் விழுந்தது. ஒரே ஒரு ஓட்டு! முதல் வகுப்பில் தாமாங் மொழியில் பாடம் நடத்தலாம் என்றால் என்ன குடி முழுகிப் போகும்? கார்சாங் மோக்தான் மட்டும் கை தூக்கியிருந்தால் போதும். எதிர்க்கட்சிக்காரன். அதற்கும் மேலே, என் தாய்மாமன் மகன்.

"வீட்டுல பேசுறத பள்ளிக்கூடத்துல வேற எதுக்குப் படிக்கணும்? நேபாளி படிச்சாத்தானே வேலை?" என்றான் சபையில். வாசலில் என் காலைப் பார்த்து, "காத்மாண்டு செருப்பா, தலைவி?" ஆளும் அவன் மீசையும்!

மாக் 6
லோசார் புத்தாண்டுக்குப் பபர் ரொட்டி சுட மாவு அரைக்கும்போது ஒரு யோசனை. லோசாரில் முறைக்காரர்கள் டம்பு மேளம் அடித்து தாமாங்கில் எதிர்ப்பாட்டுப் பாடலாம். தோற்றவர் ஜெயித்தவர் சொல்வதைக் கேட்க வேண்டும். கார்சாங்கைப் போய்ப் பிடித்தேன்.

"நான் ஜெயிச்சா நீ கை தூக்கணும்."

"நான் ஜெயிச்சா?"

"தீர்மானத்தை நான் திரும்பக் கொண்டு வரவே மாட்டேன்."

வாய் முந்திவிட்டது. வீட்டுக்காரர் சிங்கபீர் தலையில் அடித்துக்கொண்டார். "மேடையில பேசுறதும் பாடுறதும் ஒண்ணாடி?"

மாக் 8
தோத்துட்டேன். ஊரே பார்க்கத் தோத்துட்டேன்!

முதலில் நன்றாகத்தான் இருந்தது. அவன் மீசையை வைத்து நான் பாடியதற்கு மைதானமே குலுங்கியது. பிறகு அவன் டம்புவைத் தோளுக்கு உயர்த்தி, "காட்டுல பூத்த குராசு, கீழ போயி காகிதப் பூவாச்சே" என்று இழுத்தான். பதில் பாட வாயைத் திறந்தேன். வந்தது நேபாளி. மறுபடி முயன்றேன், மறுபடியும் நேபாளி. இத்தனை வருட மேடைப்பேச்சு நாக்கில் உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்றது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தோற்றவள்தானே சாராயம் ஊற்ற வேண்டும்? ராக்சி ஊற்றி நீட்டினேன். அவன் சிரிக்கவில்லை.

"நிஜமாவே வரலையா ஜுன்மாயா? இல்ல விட்டுக் குடுத்தியா?"

"வரல மச்சான்."

குடிக்காமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தான்.

மாக் 9
கொடுத்த வாக்கு வாக்குதான். கொஞ்சம் அழுதேன். ஆடிய ஆட்டத்தில் இடுப்பும் வலிக்கிறது.

பால்குண் 14
சபை. நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. முடியும் நேரத்தில் கார்சாங் எழுந்தான்.

"தாமாங் பாடத் தீர்மானத்தை நான் கொண்டு வர்றேன். கொண்டு வரமாட்டேன்னு வாக்குக் குடுத்தது இவதான், நான் இல்ல."

மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"வீட்டுல பேசினாப் போதும்னு நெனச்சேன். இவளும் வீட்டுல பேசுறவதான். பாட்டுல ரெண்டு வரிக்கு முக்குறா! இவ கதியே இதுன்னா என் பொண்ணு கதி?"

சபையே சிரித்தது. அதிகம் சிரித்தது நான்தான். கைகள் எழுந்தன, அவன் கை முதலில். நிறைவேறிவிட்டது! வெளியே வந்ததும் அவன் மீசையைப் பிடித்து இழுத்தேன்.

"எம் பேருல பதிவாயிடுச்சேன்னு வயித்தெரிச்சலா?"

"ஆமா, போடா!"

வைசாக் 10
இன்று முதல் வகுப்பில் போய் நின்றேன். "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று டீச்சர் தாமாங்கில் கேட்டார். அவ்வளவுதான். டிண்டோக் களி, உருளைக்கிழங்கு, தங்கச்சி துப்பியது, ஆடு வந்து தட்டில் வாய் வைத்தது, எல்லாம் ஒரே நேரத்தில். கார்சாங்கின் மகள் பெஞ்சுமேல் ஏறி நின்று கத்தினாள். "ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தரா" என்று டீச்சர் கெஞ்சினார். ஒரு பிள்ளையும் நிறுத்தவில்லை.