ஒன்று 'பி'க்கு வீடு வீடாக

மே 5, திங்கள்

மழை. பள்ளித் தாழ்வாரம் முழுக்க ஈரச் சப்பாத்து, ஒற்றைக் காலுறை, யாரோ ஒரு பிள்ளையின் பல். பல்லைக் கடித உறையில் போட்டு மேசையில் வைத்தேன். தேடி அழுதுகொண்டு வரும்.

வெள்ளிக்கிழமை பொதுக்கூட்டம்.

எங்களுடையது ஜெர்மனியின் வழக்கமான நகரசபைப் பள்ளி இல்லை. பெற்றோர் சங்கம் நடத்தும் ஆரம்பப் பள்ளி. செலவில் பெரும்பங்கு அரசு தருகிறது, முடிவு சங்கத்தினுடையது. அந்த முடிவு செல்லுபடியாக வேண்டுமானால் அங்கத்தவரில் பாதிப் பேர் நேரில் வர வேண்டும். போன வருடம் வரவில்லை. அதற்கு முந்திய வருடமும் இல்லை. கூட்டத்துக்கு வாங்கி மிஞ்சிய உப்புப் பிரெட்சல் பிஸ்கட்டை ஆசிரியர்கள் நாங்களே நாட்கணக்காகத் தின்றோம்.

இந்த முறையும் வராவிட்டால்:
- ஓகஸ்டில் இரண்டாவது முதலாம் வகுப்பு, 1 'பி', திறக்காது.
- இடம் கேட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் 'இல்லை' என்று கடிதம்.
- 1 'பி'க்கென்று நியமிக்க இருக்கும் அய்தின் டீச்சர் போய்விடுவார்.

கடைசியை நினைத்தால்தான் கூடப் பயம். தற்காலிகமாக வந்தவர், இரண்டே மாதத்தில் பிள்ளைகளைக் கட்டிப்போட்டுவிட்டார். எசன் நகரில் ஒரு பள்ளி அவரை இழுக்கிறது. வெள்ளிவரைதான் பொறுப்பேன் என்று நேராகவே சொல்லிவிட்டார். பிழை சொல்ல முடியாது. இந்தப் பகுதிக்கு ஆசிரியர் கிடைப்பது குதிரைக் கொம்பு. வருபவர்களும் ஒரு குளிர்காலத்தோடு தெற்கே இடம் மாறிவிடுகிறார்கள்.

லி. (லிண்ட்னர், எங்கள் தலைமை ஆசிரியை, அடுத்த வருடம் ஓய்வு) பெருமூச்சு விட்டார். "அழைப்பை ஐந்து மொழியில் அனுப்பிவிட்டோம், ஜனனி. எங்கள் பெற்றோருக்கு அக்கறை இல்லை."

அக்கறை இல்லையாம்! நான் உதவித் தலைமை ஆசிரியை என்ற மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டேன். கலியாணக் கார்ட்டைத் தபாலில் அனுப்பினால் என் அம்மாவே போகமாட்டார். வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும்!

மே 6, செவ்வாய்

தூறல். குடை பள்ளியில்.

காலையில் லி.யிடம் சொன்னேன்: வீடு வீடாகப் போய்க் கூப்பிடப் போகிறேன். அவர் முகம் போன போக்கு. "டெர்மின் இல்லாமலா? முன்கூட்டியே நேரம் குறிக்காமலா? நான் என் வாழ்நாளில் யார் வீட்டு மணியையும் டெர்மின் இல்லாமல் அடித்ததில்லை." பிறகு, "உங்கள் விருப்பம்" என்றார். அது போதும்.

அய்தின் டீச்சர் கேட்டுக்கொண்டு நின்றவர் உடனே ஜாக்கெட்டைப் போட்டார். அவருடைய ஊரிலும் அப்படித்தானாம். துருக்கி, அரபு வீடுகள் அவருக்கு. தமிழ், ருமேனியா, போலந்து வீடுகள் எனக்கு. ஆனால் முதல் வீட்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனோம், துணிச்சலுக்கு.

சிரியாக்காரத் தகப்பன் ஒருவர் கதவைத் திறந்தார். எங்களைக் கண்டதும் நிறம் மாறிவிட்டது. "அலி என்ன செய்தான்?"

ஒன்றும் செய்யவில்லை, கூட்டத்துக்குக் கூப்பிட வந்தோம் என்றோம். நம்பவில்லை. மூன்று முறை சொன்ன பிறகு உள்ளே திரும்பி ஏதோ சொன்னார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். பள்ளியிலிருந்து ஆள் வந்தால் பிள்ளை ஏதோ செய்துவிட்டது என்று அர்த்தம், நல்லதுக்கு யாரும் வந்ததே இல்லை என்றார். தேநீர். பேரீச்சம்பழம். எழும்ப விடவில்லை.

வெளியே வந்ததும் அய்தின் டீச்சர் படியில் நின்று கண்ணைத் துடைத்தார். எத்தனை வருடம் இந்தக் கதவுகளுக்கு வெறும் கடிதத்தைத்தானே அனுப்பிக்கொண்டிருந்தோம்.

கூப்பிட்டு முடித்த வீடுகள் நிறைய. குடித்த காப்பியும் நிறைய. நெஞ்சு எரிகிறது.

மே 7, புதன்

வெயில்! சந்தையில் வெள்ளை அஸ்பாரகஸ் வந்துவிட்டது. வாங்க நேரமில்லை.

இன்றைய நாளை எழுதாமல் தூங்க ஏலாது. மூன்றாம் வகுப்பு வாசிப்புத் தேர்வு முடிவு வந்தது. லி. தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். நான் முதலில் பிழையான வரியைப் பார்க்கிறேன் என்று நினைத்தேன்.

எட்டிவிட்டோம். நகரச் சராசரியை எட்டி, கொஞ்சம் தாண்டியும் நிற்கிறோம்.

நாங்கள்! வீட்டில் ஜெர்மன் பேசாத பிள்ளைகள் பாதிக்கு மேல் என்று ஒவ்வொரு அறிக்கையிலும் முதல் வரியாக எழுதப்படும் நாங்கள். பக்கத்து ஏரியாக்காரர் "அந்தப் பள்ளியா?" என்று இழுக்கும் நாங்கள். போன இலையுதிர்காலம் முழுக்க நோய் விடுப்பில் ஆசிரியர் இல்லாமல், இரண்டு வகுப்பை ஒன்றாக்கி நான் கத்திக் கத்திக் குரல் போன வருடம் இது. தினமும் காலையில் எல்லா வகுப்பும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும் என்று நான் பிடித்த பிடிவாதம், எல்லாரும் முணுமுணுத்தார்களே. இப்போது முணுமுணுக்கட்டும்!

லி. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடவே இல்லை.

வீட்டுக்குத் துள்ளிக்கொண்டு வந்தால் என் கணவர் குமரன் சமையலறையில் ஒரு மாதிரி நிற்கிறார். "அக்காவுக்கு வீட்டை போய்ச் சொன்னதோ?"

அவருடைய அக்கா, வதனி மச்சாள். மகன் எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. தமிழ்ப் பெற்றோருக்கெல்லாம் அவர்தான் தலைவி. அவர் போனால் பத்து வீடு போகும், அவர் நின்றால் பத்து வீடு நிற்கும். அவருக்கு நான் வாட்ஸப்பில் ஒரு வரி போட்டிருந்தேன். சொந்தம்தானே என்று.

உடனே போன் எடுத்தேன்.

"மச்சாள், கோவமோ?"

"எனக்கென்ன கோவம். ஊரெல்லாம் வீட்டை வீட்டை போய், தேத்தண்ணி குடிச்சுச் சொல்லுறீராம். எங்களுக்கு ஒரு மெசேஜ் போதும்தானே."

வழக்கமாக என்னை 'நீ' என்பவர். இன்று 'நீர்'. முடிந்தது கதை.

"நீங்கள் எங்கட ஆள் எண்டுதான்..."

"ஓம் ஓம். எங்கட ஆக்கள் எண்டா எப்பிடியும் வருவினம் எண்ட நினைப்பு. வெள்ளி எனக்கு வேலை இருக்கு."

சற்று நேரத்தில் எங்கள் பள்ளித் தமிழ்த் தாய்மாரில் ஒருவரான செல்வியக்காவின் மெசேஜ், பிறகு இன்னொருவருடையது: வெள்ளி வர வசதிப்படாது. சிரியாக்காரர் வருகிறார், ருமேனியாக்காரர் வருகிறார், என் சொந்தக்காரர் வரவில்லை. இதை நான் லி.க்கு எந்த மொழியில் விளக்குவது!

மே 8, வியாழன்

காற்று. சரியாகத் தூக்கமில்லை.

பின்னேரம் குமரனோடு சோடியாகப் போனேன், முறைப்படி. வாழைப்பழமும் பிஸ்கட்டும். சேலை கட்டவில்லை, அது கூடிப்போய்விடும்.

மச்சாள் கதவைத் திறந்தார். "வாங்கோ." அவ்வளவுதான். தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போடவில்லை. தொலைக்காட்சியை நிறுத்தவில்லை. அவருடைய கணவர், அத்தான், பாவம், நடுவில் இருந்து காலநிலை பற்றிப் பேசினார்.

நான் எழும்பி நின்றேன். "மச்சாள், அத்தான், நாளைக்குப் பின்னேரம் பள்ளிக்கூடத்திலை கூட்டம். நீங்கள் ரெண்டு பேரும் கட்டாயம் வரவேணும். உங்களுக்குத்தான் முதல் வந்து சொல்லியிருக்க வேணும். என்ரை பிழை."

மச்சாள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு மெல்ல: "வாசிப்பிலை பிள்ளையள் நல்லாச் செய்திருக்கினமாம். உண்மையோ?"

"ஓம் மச்சாள். சராசரியைத் தாண்டிட்டினம்."

"அதையும் வாட்ஸப்பிலைதான் அறிஞ்சனான்."

குமரன் என் காலை மிதித்தார். கிளம்பும்போது மச்சாள் "வாறன் எண்டு நான் சொல்லேல்லை" என்றார். ஆனால் ஒரு டப்பாவில் பொரித்த ரோல்ஸ் போட்டுத் தந்தார். நல்ல குறியா, கெட்ட குறியா? குமரனுக்கும் தெரியவில்லை. எட்டு ரோல்ஸ். ஆளுக்கு நாலு. உறைப்பு அளவாக இருந்தது.

மே 9, வெள்ளி

மண்டபத்தில் கதிரை போட்டோம். லி. பாதி போதும் என்றார். நான் எல்லாவற்றையும் போட்டேன். வெற்றுக் கதிரையைப் பார்த்துச் செத்தாலும் பரவாயில்லை.

சிரியாக் குடும்பம் முதலில், அரை மணி முந்தி, தகப்பன் கோட்டும் டையும். பின்னால் துருக்கித் தாய்மார் ஒரு கூட்டமாக, தட்டுத் தட்டாகப் பக்லாவா இனிப்பும் பலகாரமும். ருமேனியத் தாய் தன் தங்கையையும் தங்கையின் மாப்பிள்ளையையும் கூட்டி வந்தார். கலியாணத்துக்குக் கூப்பிட்ட மாதிரிக் கூப்பிட்டோம், கலியாணத்துக்கு வந்த மாதிரி வருகிறார்கள். லி. வாசலில் நின்று கைகொடுத்துக் கொடுத்து, கடைசியில் இரண்டு கையாலும் கொடுக்கத் தொடங்கினார்.

சங்கத் தலைவர் எண்ணினார். திரும்பவும் எண்ணினார். என்னைப் பார்த்து இல்லையென்று தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்சப் பேர் வேண்டும். இடது பக்க வரிசை அப்படியே காலி. என் ஆட்களின் வரிசை.

அய்தின் டீச்சர் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றார். கைப்பை தோளிலேயே. அவரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கால் மணி பொறுப்போம் என்றார் தலைவர். அதுவும் போனது. அவர் ஒலிவாங்கியைக் கையில் எடுக்கிறார், வெளியே கார்க் கதவுகள் அடிக்கும் சத்தம். ஒன்றில்லை. வரிசையாக.

வதனி மச்சாள். பட்டுச் சேலை, அட்டியல். பின்னால் அத்தான், செல்வியக்கா, இன்னும் இன்னும், வாசல் கொள்ளவில்லை. நடு மண்டபத்தால் நிதானமாக நடந்து வந்தார், மாப்பிள்ளையின் தாய் மாதிரி. என்னருகில் வந்ததும் குனிந்து:

"எல்லாரையும் ஏத்திக்கொண்டு வர நேரம் போட்டுது. நீ சாப்பிட்டனியோ?"

நீ!

தலைவர் எண்ணி முடித்தார். பாதி இல்லை, பாதிக்கு மிக மேலே. கதிரை போதவில்லை. 1 'பி'க்குக் கை தூக்கச் சொன்னபோது எதிர்க்கை ஒன்றுகூட இல்லை. தங்கையின் மாப்பிள்ளையும் தூக்கினார். அவருக்கு வாக்கே இல்லை, கழித்துவிட்டோம். அய்தின் டீச்சர் பலகாரத் தட்டுகளுக்கு நடுவில் வைத்தே கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தத்தில் பக்லாவாப் பாகு ஒட்டியிருக்கிறது. அப்படியே கோப்பில் போகட்டும்.

அழுதேன். எல்லாரும் பார்க்க. பரவாயில்லை.

மே 10, சனி

நல்ல வெயில். உடுப்புத் துவைக்க வேண்டும். குரல் இல்லை.

எழுதிக்கொண்டிருக்கும்போது வாசல் மணி. தபால்காரர் என்று நினைத்து வீட்டுச் சட்டையோடு போய்த் திறந்தேன். லி.! கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், பிஸ்கட் பெட்டி. சப்பாத்தைத் தானாகவே கழற்றி வாசலில் வைத்தார்.

"டெர்மின் இல்லை," என்றார். முகம் சிவந்துபோயிருந்தது. "வாழ்க்கையில் முதல் தடவை. கீழே கொஞ்ச நேரம் நின்றேன், மணியை அடிக்கப் பயமாக இருந்தது."

தேநீர் போட்டேன். இருந்து குடித்தார். பிறகு எழும்பி நின்று, பாடமாக்கி வந்தவர் போலச் சொன்னார். நேற்றுக் கூட்டம் கலைந்த பிறகு சங்க நிர்வாகம் அங்கேயே கூடியதாம். தனக்குப் பிறகு தலைமை ஆசிரியை யார் என்ற பேச்சு. ஒரே ஒரு பெயர்தான் வந்ததாம். எனக்குக் கடிதம் திங்கள் வரும், "ஆனால் இதைக் கடிதத்தில் சொல்லக் கூடாது என்று நினைத்தேன்."

என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ஓம் என்றிருக்கிறேன், தமிழிலேயே. அவருக்கு விளங்கிவிட்டது.

இப்போதுதான் போனார். குமரன் போனைக் கையில் எடுத்து அக்காவின் நம்பரைத் தேடுகிறார். பறித்து வைத்துவிட்டேன். சப்பாத்தைப் போடச் சொன்னேன். அம்மாவுக்குப் போனில் பிறகு சொல்லலாம். முதலில் மச்சாள் வீடு, நேரில், இரண்டு பேருமாக.