இருமலும் பாடம்

மார்ச் 3

புது வேலை. தையல் ஆலை, பின்னாலேயே பெண்கள் விடுதி. அவர்கள் என் நாட்டுப் பெண்கள். எனக்கு இந்த ஊர் மொழியும் தெரியும் என்பதால் மொழிபெயர்ப்பாளர் வேலை. பாஸ்போர்ட்டை மேலாளர் வாங்கி வைத்துக்கொண்டார். "பத்திரமா இருக்கும்மா." பிறகு அவர் போனில் பதிவு செய்ய, சில வரிகளை இந்த ஊர் மொழியில் படிக்கச் சொன்னார். குரல் சோதனையாம். 'பாஸ்போர்ட் என் கையில்தான் இருக்கிறது. விரும்பித்தான் வந்தேன். எப்போது வேண்டுமானாலும் போகலாம்.' நடுவில் ஒரு தும்மல் வந்து தொலைத்தது. திரும்பப் படிக்கிறேன் என்றேன். "பரவால்லம்மா, போதும்."

மார்ச் 4

என் கட்டிலுக்கடியில் யாருடைய செருப்போ கிடக்கிறது. என் அளவுதான்.

மார்ச் 8

ஆள் எடுப்பதில் நியாயம் நடக்கிறதா என்று பார்க்க அரசு அதிகாரி அம்மா வந்தார். முதல் பெண், நான் கேள்வியை மொழிபெயர்க்கும் முன்பே பதில் சொன்னாள், இந்த ஊர் மொழியிலேயே. 'பாஸ்போர்ட் என் கையில்தான் இருக்கிறது' என்றதும் இரண்டு இருமல். அடுத்தவளும் அதே இடத்தில் இரண்டு. அதற்கடுத்தவளும். அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளி முகக்கவசம் மாட்டிக்கொண்டார். "பஞ்சுத் தூசி மேடம்" என்று மேலாளர் வழிந்தார். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. போகப்போக வரவில்லை. அத்தனை பேரும் ஒரே ஆளின் இருமலை அல்லவா இருமினார்கள்?

மார்ச் 9

துணி மடிக்கும் அக்காவிடம் கேட்டேன். அவள் அம்மா ஊரில் படுத்த படுக்கை. போகலாம் என்றால் இவர்கள் பாஸ்போர்ட்டைத் தருவதில்லை.

"சாயங்காலம் ஸ்பீக்கர்ல போடுவாங்க. அப்படியே திருப்பிச் சொல்லணும்."

"இருமலை எதுக்குக்கா சொல்றீங்க?"

"ஏன், அது பாடம் இல்லையா? புரியாத பாஷை, எது பேச்சு எது இருமல்னு யாருக்குடி தெரியும்?"

"யாரோட குரல் அது?"

"உனக்கு முன்னாடி இருந்தவ. ஊருக்குப் போயிட்டான்னாங்க."

செருப்பு போடாமலா?

மார்ச் 11

தையல் இயந்திரச் சத்தத்துக்குள்ளும் அந்த இருமல்தான் கேட்கிறது. சனியன்.

மார்ச் 15

அதிகாரி மறுபடி வந்தார். அக்கா ஒப்பித்தாள், இருமினாள். மேலாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் என் வாய் சும்மா இருந்தால்தானே! "மேடம், இவங்க சொல்றது இவங்களுக்கே புரியாது. அந்த இருமல்கூட இவங்களுது இல்ல" என்றேன். அக்காவிடம் எங்கள் மொழியில் கேட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அதிகாரி, மேலாளர் அறை அலமாரியைத் திறக்க வைத்தார். எல்லாப் பெண்களின் பாஸ்போர்ட்டும் இருந்தது. என்னுடையது மட்டும் இல்லை. கேட்டேன். "நீங்க அலுவலக ஆளும்மா. எங்க விசாரணை தொழிலாளிங்களுக்கு மட்டும்தான்" என்றார் அதிகாரி. நல்ல மனுஷிதான். பாவம், சட்டம் அப்படி.

"பத்திரமா இருக்கும்மா" என்றார் மேலாளர். கோபமே இல்லாமல் சொன்னார்.

மார்ச் 17

அக்கா கிளம்பினாள். வாசல் வரை என் கையை விடவில்லை. "நீயும் வந்துடுடி." எப்படி வருவது? மற்றவர்களும் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். விடுதியே வெறிச்சென்று இருக்கிறது.

மார்ச் 29

இன்று புதுப் பெண்கள் வந்து இறங்கினார்கள். சாயங்காலம் ஸ்பீக்கர் கரகரத்தது.

என் குரல்.

'பாஸ்போர்ட் என் கையில்தான் இருக்கிறது.' பிறகு ஒரு தும்மல். கொஞ்சம் இடைவெளி. அதன்பின் கூடம் முழுக்க, எல்லாரும் சேர்ந்து, தும்மினார்கள்.

ஏப்ரல் 2

இப்போதெல்லாம் செருப்பைக் கழற்றுவதில்லை. போட்டுக்கொண்டேதான் படுக்கிறேன்.