யாரும் விலகாத கிணறு

1943 ஜூன் 6, ஞாயிறு

காலையிலும் மரவள்ளிக்கிழங்கு, இரவிலும் அதுதான். என் வீட்டுக்காரரை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிப் போன பிறகு, ஒருத்திக்காக அடுப்பு மூட்டவே அலுப்பாக இருக்கிறது. ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்துவிட்டது. நர்ஸ் நான் மட்டும் மிச்சம்.

ஜூன் 19

காளியம்மா கிணற்றடியில் என் காதோரம் வந்தாள். "மிஸ்ஸி, தண்ணி எறைக்க என்னைய இப்பல்லாம் கூப்பிடுறதே இல்லையே. விசேஷமா?"

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் தீட்டான பெண் கிணற்றைத் தொடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரி இறைத்து ஊற்ற வேண்டும். நர்ஸ் படித்த எனக்கு இது வேடிக்கைதான். ஆனாலும் ஊரோடு ஒத்து வாழ் என்பார்களே; என் வீட்டுக்கு இறைப்பவள் காளியம்மா. ஆமாம், நான் கூப்பிடவில்லை. பசியில் நாள் கணக்கே மறந்துபோயிருந்தது.

அவர் போனது ஏப்ரலில். அப்படியானால் —

எழுதப் பயமாக இருக்கிறது. கண் படும்.

ஜூன் 20

இருக்கும். இருக்கத்தான் வேண்டும்.

ஜூலை 11

வயிறு உப்பியிருக்கிறது. காலும் வீங்கியிருக்கிறது. காலைப் பற்றி எழுதப்போவதில்லை.

காளியம்மா எங்கிருந்தோ ஒரு முட்டை கொண்டுவந்தாள். "புள்ளைக்கு. வேணாம்னு சொல்லாதீங்கலா." தின்றுவிட்டு அழுதேன். பிள்ளையோடு பேசவும் ஆரம்பித்துவிட்டேன். இந்த வீட்டில் வேறு யாரோடு பேசுவது?

ஆகஸ்ட் 8

குடத்தோடு வரிசையில் நின்றபோது சும்மா சுற்றிப் பார்த்தேன். லயத்துப் பெண்கள் ஒருத்தி குறையாமல் கயிறு பிடித்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். நேற்றும் அப்படித்தான். முன்பெல்லாம் நாலைந்து பேராவது வெறுங்குடத்தோடு ஓரமாகக் காத்திருப்பார்களே. எப்போதிலிருந்து இப்படி?

காளியம்மாவைத் தனியாக அழைத்தேன். "அக்கா, ஒங்களுக்கு?"

அவள் தலை குனிந்தாள். "எனக்கும் நின்னுபோச்சு மிஸ்ஸி. புருசன் செத்தவளுக்கு எப்படிடின்னு ஊரு கேக்கும். அதான் வாயத் தொறக்கல."

ஆகஸ்ட் 9

ஈப்போவில் பயிற்சியின்போது டாக்டர் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி. அதுதான் தோட்டத்தில் கூலிகளை விரட்டும் கங்காணி மாதிரி. தன் ஹார்மோனை இரத்தத்தில் அனுப்பிச் சூலகத்தை வேலைக்கு விரட்டும். சூலகம் தன் ஹார்மோனைச் சுரக்கும். அது மேலே போய் 'போதும்' என்றால் கங்காணி குரலைத் தாழ்த்துவார். குறைந்தால் மறுபடியும் விரட்டுவார். அதனால் கூடாமல் குறையாமல் மாதா மாதம் நடக்கிறது. பரீட்சையில் இதையே எழுதிப் பாராட்டு வாங்கினேன்.

பட்டினி கிடந்தால்? இன்னோர் உயிருக்குச் சோறில்லை என்று உடம்பு கண்டுகொள்ளும். கங்காணி காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கே வரமாட்டார். விரட்ட ஆளில்லாமல் சூலகம் தூங்கிவிடும்.

வேறொருத்தி வந்து கேட்டிருந்தால் கால் வீக்கத்தைப் பார்த்ததுமே சொல்லியிருப்பேன். எனக்கு நான் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்ல மனசு வரல.

பிள்ளை இல்லை. பட்டினி வீக்கம்.

அந்த முட்டையைக் காளியம்மாவே தின்றிருக்கலாம்.

ஆகஸ்ட் 10

பேச ஆளில்லை.

1945 அக்டோபர் 14

சண்டை முடிந்துவிட்டது. பாரிட் புந்தார் வயல் பக்கத்திலிருந்து அரிசி வர ஆரம்பித்திருக்கிறது.

அவரோடு ஒரே லாரியில் போன சதாசிவம் சயாமிலிருந்து திரும்பிவிட்டான். எலும்பும் தோலுமாக வாசலிலேயே நின்றான். "அண்ணனுக்குக் காலரா கண்டுச்சு அண்ணி. நாங்கதான் ஆத்தோரமாப் பொதைச்சோம்."

உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டேன். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 3

காலையில் எழுந்தபோது பாவாடையில் கறை.

கங்காணி வேலைக்குத் திரும்பிவிட்டார். அரிசி வந்ததை உடம்பு தெரிந்துகொண்டது. என் வீட்டுக்காரர் இனி வரமாட்டார் என்பது அதற்குத் தெரியவில்லை.

காளியம்மாவின் கதவைத் தட்டினேன். "அக்கா, தண்ணி எறைச்சுத் தரணும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். குடத்தை வாங்கிக்கொண்டு கிணற்றுக்குப் போனாள்.