கதவுச் சாட்சி

ஒடென்சே,
செப்டெம்பர் 9

அன்பு மகள் தபிதாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் தம்பி காலேப்பும் இங்கே சுகமாக இருக்கிறோம். மெல்பேர்னில் நீ சுகமாக இருக்கிறாய் என்பதைக் கிளோறியா மாமி சொல்லித்தான் அறிகிறோம், அதற்கும் ஸ்தோத்திரம். அம்மாவுக்கு முழங்கால் நோவு குறையவில்லை, ஆனாலும் முதியோர் இல்ல வேலையை விடமாட்டாள், அங்கே கிழவிகளைத் தூக்கி இருத்திவிட்டு வந்து இங்கே என்மேல் எரிந்து விழுகிறாள். காலேப்புக்குத் தொழிற்பயிற்சி இடம் கிடைத்திருக்கிறது. தமிழில் ஒரு கேள்வி கேட்டால் டேனிஷில் அரைச் சொல் பதில் வருகிறது, முழுச் சொல்லுக்கு வரி கட்ட வேண்டும் என்று நினைக்கிறானோ தெரியாது. நீ வட்ஸ்அப்பில் என் செய்திகளைத் திறப்பதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். இங்கே தெருவில் நின்ற தபால் பெட்டிகளையும் பிடுங்கிவிட்டார்கள், கடிதத்தைக் கடையில் கொண்டுபோய்த்தான் கொடுக்க வேண்டும். பரவாயில்லை, நீ கிழிப்பதென்றாலும் கையில் எடுத்துத்தானே கிழிக்க வேண்டும்.

போன புதன்கிழமையோடு, நீ வேலை செய்த கடைத்தொகுதியில் அந்தத் துப்பாக்கிச்சூடு நடந்து மூன்று வருடம். முதல் வருட நினைவுநாளுக்கு ஆயிரம் பேர் வந்தார்கள், நிலம் தெரியாமல் பூ வைத்தார்கள், பெரிய ஆட்கள் கமராவுக்கு முன்னால் அழுதார்கள். இந்த முறை ஐம்பது பேர் இருக்கும். பேச வந்தவர் முதல் வருடப் பேச்சையே திரும்ப வாசித்தார். ஒரு நிமிட மௌனம் என்றார்கள், நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன், நாற்பது செக்கனில் ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டார்கள். நினைவுக் கல் வாசலில் நின்றால் வியாபாரம் கெடும் என்று யாரோ சொன்னதால் அதைச் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள், அதில் ஒருவர் சைக்கிளைச் சாத்திவிட்டுப் போயிருந்தார். உன் சப்பாத்துக் கடை இருந்த இடத்தில் இப்போது போன் உறை விற்கிறார்கள். வெள்ளையர்களை மட்டும் ஏசுகிறேன் என்று நினைக்காதே, நாங்கள் திறமோ? அன்றைக்கு நீ உயிரோடு இருக்கிறாயா என்று எனக்கே தெரியாத நேரத்தில் எங்கள் சனம் போன் எடுத்துக் கேட்டது, சுட்டவன் எங்கடை நிறமோ எண்டு. டேனிஷ் பெடியன் என்றதும் ஸ்தோத்திரம் சொன்னார்கள், நானும் சொன்னேன். எங்கள் சாவுகளுக்கு உலகம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை என்று வருடக்கணக்காகப் புலம்புகிற நாங்கள், அன்று செத்த நாலு பேரின் பெயரை ஒருதடவைகூடச் சபையில் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் என்னுடைய சாட்சியைத்தான்.

சூடு நடந்த கிழமை ஞாயிறு நான் சபையில் முன்னால் போய் நின்று, நோவாவைப் பேழைக்குள் விட்டுக் கதவை அடைத்த கர்த்தர் என் பிள்ளையையும் உள்ளே விட்டுக் கடைக் கதவை அடைத்தார் என்று சொன்னேன். அல்லேலூயா என்று கூரை அதிர்ந்தது. நீ எழுந்து வெளியே போனாய். பிள்ளை ஆவியிலை நிறைஞ்சிட்டாள் எண்டு புஷ்பராணி அக்கா சொன்னா, நானும் நம்பினேன், நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. ஆனால் எனக்குத் தெரியும். பொலிசில் இருந்து உன்னைக் கூட்டிவந்தபோது காரில், அப்பா, நான்தான் ஷட்டரை இறக்கினனான், வெளியிலை ஒராள் தட்டினவர் எண்டு தொடங்கினாய். அதைக் கதையாதை பிள்ளை, ஸ்தோத்திரம் சொல்லு எண்டு சொல்லி நான் பாட்டைச் சத்தமாகப் போட்டேன். உன் கதையில் எனக்குத் தேவையான கதவை எடுத்துக்கொண்டேன், தட்டிய மனுசனை வெளியே விட்டேன். நாலு மாதத்தில், படிக்கப் போறன் எண்டு நீ வெளிக்கிட்டாய். நீ போன பிறகும் ஒவ்வொரு வருடமும் சபையில் கேட்பார்கள், பிரதர் ஜோர்ஜ், அந்தக் கதவுச் சாட்சியைச் சொல்லுங்கோ எண்டு. நானும் வெட்கமில்லாமல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உப்புப் புளி கூட்டிச் சொன்னேன்.

இந்த முறை நினைவுக் கூட்டம் முடிந்ததும் கோப்பியும் கறுவாப் பணிசும் கொடுத்தார்கள். பியர்தெ என்று ஒரு எழுபது வயது மனுசி என்னிடம் வந்தா. செத்த நாலு பேரில் ஒருவர் அவவுடைய புருஷன், உன் கடை வாசலில் கிடந்தவர். உங்கள் மகள் உள்ளே இருந்தவளா என்று கேட்டா, ஓம் என்றேன். ஏசப்போகிறா என்று நினைத்து மனதுக்குள் வசனம் தேடினேன். அவ ஏசவில்லை. அவருடைய கைமுட்டி காயப்பட்டிருந்ததாம், எவ்வளவு நேரம் தட்டினார், ஏதாவது சொன்னாரா என்று மட்டும் கேட்டா. உள்ளே இருந்த ஏழு பேரில் ஒருவரும் இந்த மூன்று வருடத்தில் அவவோடு கதைக்கவில்லையாம். எனக்குத் தெரியாது என்றேன். மகள் உங்களுக்குச் சொல்லவில்லையா என்று கேட்டா. சொல்ல வந்தாள், நான் விடவில்லை என்று சொல்லும் அளவுக்கு எனக்கு டேனிஷ் தெரியும், முப்பத்தைந்து வருடம் இங்கே இருக்கிறேன். ஆனால் குனிந்து கோப்பிக்குச் சீனி போட்டேன். அவ பணிசைக் கடதாசியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ்சுக்குப் போய்விட்டா.

ஞாயிறு நானாகவே சபையில் எழும்பினேன். கதவை அடைத்தது என் பிள்ளை, வெளியே ஒரு மனுசன் தட்டினார், அவரைக் கர்த்தர் வேண்டாமென்று விட்டார் என்று அர்த்தப்பட மூன்று வருடம் நான் சாட்சி சொன்னேன், அது பொய் என்று சொன்னேன். ஒரு அல்லேலூயாவும் வரவில்லை. பிரதருக்குக் களைப்பு, ஜெபிப்பம் எண்டு பாஸ்டர் பீற்றர் மைக்கை வாங்கிக்கொண்டார். நல்லொரு சாட்சியைக் கெடுத்துப்போட்டார் எண்டு புஷ்பராணி அக்கா அம்மாவிடம் அழுதாவாம். செத்த மனுசனுக்கு வராத கண்ணீர் என் சாட்சிக்கு வந்தது.

பிள்ளை, நீ ஷட்டரை இறக்கியது பிழை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன், இறக்காவிட்டால் நீயும் இல்லை, உன்னோடு உள்ளே இருந்த மற்றவர்களும் இல்லை. பியர்தெக்குச் சொல்வதும் விடுவதும் உன் விருப்பம். நான் கேட்பது எனக்காக. அந்தக் காரில் நீ தொடங்கியதை எனக்குச் சொல்லி முடி.

குளிருக்குக் காதை மூடிக்கொள், வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக, அம்மாவின் முத்தங்கள். போன் நம்பர் பழையதுதான், மறந்துவிடாதே. நீ எடுத்தால் நான் ஸ்தோத்திரம் சொல்லமாட்டேன், வசனம் சொல்லமாட்டேன். அவர் எவ்வளவு நேரம் தட்டினாரோ அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன்னைக் கதைக்க விடாத அப்பா,
ஜோர்ஜ்